பதினொரு கூடை சாணியும் தர்ஷினி மிஸ்ஸின் கணக்கும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். இதற்கென்று கொப்பி வாங்கினேன். அதில் மகள் பாடம் எழுதி முடித்துவிட்டாள். பேனா வாங்கினேன், அது கோயிலுக்கு ரசீது எழுதப் போய்விட்டது. உண்மையில் கொப்பியும் பேனாவும் வெறும் சாட்டுத்தான். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவன், தான் முட்டாளான கதையைத் தன் கையாலேயே எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கம் கெட வேண்டியிருந்தது. வெட்கம் கெடுவதற்கு ஆறு வருடம் பிடித்தது.

போன மாதம் வெலிமடையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மடியில் சந்தையில் வாங்கின லீக்ஸ் கட்டு. பக்கத்தில் உட்கார்ந்தவர் முன்பின் தெரியாதவர். எங்கே போகிறேன் என்று கேட்டார். நமுனுகுலப் பக்கம் என்றேன். அவ்வளவுதான், மனுசன் என் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார்.

"அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில்ல நடந்தது தெரியுமாங்க ஒங்களுக்கு? அம்மா பூசாரி கனவுல வந்து, 'என் வாசல் மண்ணைக் கிண்டிப் போடு, எனக்குக் காலு நோவுது'ன்னு சொல்லிச்சாம். கிண்டிப் போட்ட ஒடனே ஸ்பீக்கர் சத்தம் தேன் மாதிரி ஆயிருச்சாம்!"

நான் லீக்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். (வேறு எதைப் பார்ப்பது?) அம்மன் யாருடைய கனவிலும் வரவில்லை. வந்தவர் தர்ஷினி மிஸ். அவரும் கனவில் வரவில்லை, வேனில் வந்தார். காலு நோவு என்பதும் பொய். அன்றைக்கு நோவு கண்டது எங்களுடைய முதுகுகளுக்கு. எனக்குக் கடவுள் பயம் உண்டு. அம்மன் பெயரில் ஒரு பொய் பஸ் ஏறி வெலிமடை வரைக்கும் போய்த் திரும்புகிறது என்றால், இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம். ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் ராமையா. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டுகிற ரோலர் பக்கம் வேலை. இருபது வருடம் அந்த இரைச்சலில் நின்றதால் என் காதுகள் மெல்லிய சத்தங்களிடமிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. இப்படிப்பட்ட ஒருவனைப் பார்த்துத் தேடிப் பிடித்து, கோயில் கமிட்டி ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாகப் போட்டது. கண் தெரியாதவனிடம் தோரணம் சோடிக்கக் கொடுத்த மாதிரி.

எங்கள் கமிட்டியில் பக்திக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது: எவ்வளவு தூரம் கேட்கிறது? அடுத்த டிவிசன் கோயிலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினால் நாங்கள் மூன்று கட்டுவோம். அவர்கள் மூன்று கட்டினால், தலைவர் முத்துவேல் அண்ணன் அவசரக் கூட்டம் வைப்பார். அம்மனுக்கு நைவேத்தியம் குறைந்த வருடங்கள் உண்டு. வாட்ஸ் குறைந்த வருடம் கிடையாது.

ஆனாலும் அந்த ஸ்பீக்கரில் வெறும் போட்டி மட்டும் இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பங்குனித் திருவிழா பத்து நாள். பத்து நாளும் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்கு வர யாரால் முடியும்? பொம்பளைகள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானப் பூசைக்கு மணி அடித்து ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால், அங்கேயே கூடையோடு திரும்பி நின்று கும்பிடுவார்கள். என் மனைவி செல்வராணியும் அவர்களில் ஒருத்தி. "கோயிலுக்கு நான் போவ முடியலன்னாலும் கோயிலு என்கிட்ட வந்துட்டுப் போவுதுங்க" என்பாள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வருடம் முழுக்க நான் அந்த மெசினைத் துடைத்து வைத்தேன்.

கோயிலுக்கும் ஏழாம் நம்பர் மலைக்கும் நடுவில் சமதரையாக ஒரு நிலம். நிலத்தின் அந்தக் கோடியில் அந்தக் காலத்து உதவி மானேஜர் சின்னத்துரையின் பங்களா. எல்ல என்கிற ஊருக்குச் சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதியாக அது மாறியிருந்தது. அவர்கள் அமைதியைத் தேடி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, எங்கள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வந்து இறங்கினார்கள். மலைக்குப் போக வேண்டிய பாட்டு முதலில் அவர்களுடைய சாப்பாட்டு மேசைக்குப் போனது. விடுதிக்காரர் நல்ல மனுசன். திருவிழாவுக்குத் தேங்காய் தருவார். அவரும் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? பதுளைக்கு மனுப் போட்டார்.

பதுளையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஒரு எண்ணைச் சொன்னார். விடுதி வாசலில் மெசின் வைத்து அளக்கும்போது சத்தம் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இந்தத் திருவிழாவிலிருந்து ஸ்பீக்கர் கிடையாது. அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று கமிட்டி கூடியது.

"இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் கட்டுவோம்" என்றார் தலைவர்.

(இதைத் தீர்மானமாக எழுதியும் வைத்தோம். அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறது.)

அந்த நேரம்தான் தர்ஷினி மிஸ் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பதுளைப் பக்கம் பெரிய படிப்புப் படிப்பிக்கிறவர். திறந்த வெளியில் சத்தம் காற்று வழியாக எப்படிப் போகிறது, கீழே இருக்கிற மண் அதை என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டு, சத்தம் போகிற பாதையைக் கம்பியூட்டரில் படமாக வரைந்து காட்டுவார். அதிகாரிக்கு அவரைத் தெரிந்திருந்தது. "முடிந்தால் இவர்களுக்கு ஒரு வழி காட்டுங்கள்" என்று அனுப்பிவைத்தார்.

மிஸ் வந்த முதல் நாள் கோயிலைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. நேரே அந்தச் சமதரைக்குப் போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கட்டையான ஒரு குழாயை மண்ணில் அழுத்தினார். சின்ன பம்பால் அதற்குள் காற்றை விட்டு, ஏதோ முள்ளைப் பார்த்துக் குறித்தார்.

"என்னாங்க பண்றாங்க?" என்று தலைவர் என் காதில் கேட்டார். (என் காதில் கேட்டால் ஊருக்கே கேட்கும்படிதான் கேட்க வேண்டும்.)

"மண்ணுக்குள்ள காத்து சுலபமாப் போகுதோ எண்டு பாக்கிறன் ஐயா" என்றார் மிஸ் திரும்பாமலே.

"மண்ணுக்கு ஆஸ்த்துமா இருக்கான்னு பாக்கிறாங்க போல" என்றார் தலைவர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். பின்னால் எனக்காக மிச்சம் வைத்திருந்த சிரிப்பு எவ்வளவு என்று அப்போது தெரியாது.

மிஸ் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் விளக்கம் சொன்னார். பிளேட்டில் கொஞ்சம் தேத்தண்ணியை ஊற்றினார். அது ஓடியது. பாண் ரொட்டித் துண்டு மேல் ஊற்றினார்.

"இப்ப என்ன நடந்தது அண்ணை?"

"ஊறிருச்சு மிஸ்."

"அதுதான் விசயம். சத்தம் நிலத்தை உரசிக்கொண்டு போகேக்கை, நிலம் இறுக்கமா இருந்தால் தெறிச்சு இன்னும் கூடிப் போகும். நிலம் பொருபொருவெண்டு ஓட்டையோட இருந்தால் உள்ள வாங்கிப் போடும். கோயிலுக்கு முன்னால உள்ள நிலம் இருக்கே, இலையும் சருகும் உக்கி, சும்மா பாண் மாதிரி! அது உங்கட அதிர்ஸ்டம். ஸ்பீக்கரைக் கோபுரத்தில இருந்து இறக்கி அஞ்சடிக் கம்பத்தில கட்டுவம். விடுதிக்குப் போற சத்தம் நிலத்தை உரசிக்கொண்டு போகும், மண் தின்னும். மலைக்குப் போற சத்தம் மேலால போகும், மண்ணில முட்டாது. அங்க ஒரு குறையும் வராது."

செல்வராணி அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மலைக்குக் கேக்குமா மிஸ்?"

"கேக்கும் அக்கா. ஸ்பீக்கருக்குக் கிட்ட உள்ள நிலமும் காதுக்குக் கிட்ட உள்ள நிலமும்தான் முக்கியம். நடுவில உள்ளது பெரிசா பிரச்சினை இல்லை. என்ர கணக்குப்படி, அதிகாரி ஐயா சொன்ன எண்ணுக்கு ரெண்டு புள்ளி கீழ நிக்கும்."

போகும்போது வாசலில் நின்று என்னிடம் தனியாகச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை காலமை அளக்க வருவம். அதுவரைக்கும் அந்த நிலத்தை ஒருத்தரும் தொடக்கூடாது. கூட்டவும் வேண்டாம், ஒண்டும் செய்யவும் வேண்டாம். கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும். விளங்கிச்சோ அண்ணை?"

"வெளங்குச்சு மிஸ்" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் "ஒண்ணும் வேணாங்க" என்று சொன்னால், அது ஒரு வணக்கம் மாதிரி. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவன் மனுசன் இல்லை. முதல் "வேணாம்"க்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும். இரண்டாவது "வேணாம்"க்கு பிஸ்கட் பக்கற் வாங்க ஆள் ஓட வேண்டும். மூன்றாவது முறையும் "சத்தியமா வேணாங்க" என்று சொன்னால் அடுப்பில் சோறு ஏறிவிடும். நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான் வளர்ந்தேன். ஒருவர் வேண்டாம் என்று சொல்லி, நான் அதை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டது கிடையாது.

அதனால் மிஸ் "ஒண்டும் செய்யவும் வேண்டாம்" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு தங்கமான பிள்ளை! நமக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று பார்க்கிறாள். அதுவும் வாசலில் நின்று, தனியாக, மூன்று தரம் சொன்னாள். மூன்று தரம் என்றால் சோற்றுக் கணக்கு! பதுளையிலிருந்து அதிகாரி வருகிறார், கம்பியூட்டர் வருகிறது, அம்மனுக்கு முன்னால் சருகும் குப்பையுமாக ஒரு நிலம். நாளைக்கு அவர்கள் மனதில் நம் கோயிலைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

சனிக்கிழமை அரைநேர வேலை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆள் திரட்டிவிட்டேன்.

செல்வராணி ஒருத்திதான் கேட்டாள். "என்னாங்க, அந்த மிஸ் தொடாதீங்கன்னுதானே சொன்னாங்க?"

"அது மரியாதைக்குச் சொல்றது. ஒனக்கு வெளங்காது."

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாமல் போய்விட்டது. தொடங்கும்போதே சிரிப்பு வந்துவிடுகிறது.)

கம்பத்துக்கு முன்னால் நூறு அடி நீளம், இருபது அடி அகலம். முதலில் சருகெல்லாம் கூட்டி அள்ளிப் போட்டோம். பிறகு தண்ணீர் தெளித்து, ஆம்பளைகள் வரிசையாக நின்று மிதித்தார்கள். மிதித்தது போதாது என்று, தலைவர் எங்கிருந்தோ ஒரு மரக்கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். பிறகு புற்றுமண்ணையும் சாணியையும் கரைத்து மெழுகினோம். பதினொரு கூடை சாணி. கொழுந்துக் கூடையால் பதினொன்று. எண்ணினவன் நான். பொழுது சாயும்போது அந்தத் தரை, கல்யாண வீட்டு முற்றம் மாதிரி மினுங்கியது. பொம்பளைகள் நடுவில் பெரிய தாமரைக் கோலம் போட்டார்கள். மிஸ் மண்ணில் குழாய் வைத்துப் பார்த்த இடத்தில் நான் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

பங்குனி மாதத்துக் காய்ந்த காற்றில் இரவோடிரவாக அது இறுகி, காலையில் சிமெந்துத் தரை மாதிரி நின்றது.

ஞாயிறு காலை மிஸ்ஸும் அதிகாரியும் நேரே விடுதிக்குப் போய்விட்டார்கள். அளக்கிற மெசினை வைக்க வேண்டிய இடம் அங்கேதானே. நடுவில் தேயிலைச் செடிகள் மறைத்ததால், அங்கிருந்து பார்த்தால் கம்பத்தின் உச்சி மட்டும்தான் தெரியும். நான் கோயில் பக்கம் பாட்டு மெசினோடு நின்றேன். போனில் பேச்சு.

"அண்ணை, பாட்டைப் போடுங்கோ."

போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. (என்றால் போனில்.)

"அண்ணை, நிப்பாட்டிப் போட்டுத் திருப்பிப் போடுங்கோ."

போட்டேன்.

"ஸ்பீக்கரின்ர உயரம் அஞ்சடிதானே?"

"அஞ்சடிதான் மிஸ். அளந்து கட்டுனது."

"சத்தத்தைக் கூட்டினீங்களோ?"

"அம்மா சத்தியமா இல்ல மிஸ். நீங்க கோடு போட்ட எடத்துலதான் இருக்கு."

"நிலம் எப்பிடி இருக்கு?"

"நெலம் சும்மா ஜம்முன்னு இருக்கு மிஸ்!"

அங்கே அவர் அதிகாரியிடம் பேசுவது போனில் கேட்டது. குரல் மெலிந்திருந்தது. "என்ர கணக்கில எங்கயோ பிழை விட்டிட்டன் போல..." என்றார். விடுதிக்காரர், பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார்: "பரவாயில்ல மிஸ், பேப்பர்ல போடுற கணக்கு வெளிய வந்தா அப்படித்தான்." அதிகாரி எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். எல்லைக்கு மேலே மூன்று.

ஸ்பீக்கர் போய்விட்டது. பக்கத்தில் நின்ற செல்வராணி என் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரே ஒரு தரம் ஸ்பீக்கரைப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மிஸ் செடிகளுக்கு நடுவால் நடந்து வந்தார். பின்னால் அதிகாரியும் விடுதிக்காரரும். செடி முடிகிற இடத்தில் மிஸ் அப்படியே நின்றுவிட்டார். அவர் முன்னால் நூறு அடிக்குத் தாமரை பூத்திருந்தது.

நான் சிரித்த முகமாக, "செருப்போட வரலாம் மிஸ், பரவாயில்ல" என்றேன்.

அவர் குனிந்தார். விரலை மடக்கித் தரையைத் தட்டினார். டக், டக். கதவு தட்டுகிற சத்தம் வந்தது.

"இது... ஆர் செய்தது?"

"எல்லாரும் சேந்துதான் மிஸ். பதினொரு கூடை."

மிஸ் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். (மண்ணில் என்றால், மண் எங்கே? சாணி மேல்.) அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, "அண்ணை, பாணைப் பிளேட் ஆக்கிப் போட்டியளே!" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. தேத்தண்ணி, பாண், ஊறினது, ஓடினது எல்லாம் வரிசையாக வந்து என் தலையில் குட்டின.

"என்ர கணக்கையும் விட அஞ்சு கூட. மூண்டு கூடினாலே ஒரு ஸ்பீக்கர் இரண்டான மாதிரி. அஞ்சு எண்டால், நீங்கள் ஒரு ஸ்பீக்கரை மூண்டு ஆக்கியிருக்கிறியள். கரண்டும் இல்லாமல்."

தலைவர் முத்துவேல் அண்ணனின் முகம் பிரகாசமானது. "கரண்ட் இல்லாமலே மூணா! மிஸ், அப்ப தோட்டம் பூரா மெழுகினா எத்தனை வரும்?"

அவரை இரண்டு பேர் அந்தப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். "ஐயா, மிஸ் கணக்குப் பிழையில்லை. தொடாதீங்கன்னு அவங்க சொன்னாங்க. மூணு தரம் சொன்னாங்க. நான்தான் மரியாதைன்னு நெனச்சுக் கெடுத்துப்புட்டேன். எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க. ஸ்பீக்கரை மட்டும் எடுத்துறாதீங்க. மலையில இருக்கிறவங்களுக்கு அதைவிட்டா வேற பூசை இல்லீங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். திருவிழாவுக்கு முன்னால் மறுபடி வருவதற்குத் தனக்கு நாள் இல்லை என்றார். பன்னிரண்டு மணிக்கு வேன் கிளம்பும். அதற்குள் நிலம் பழையபடி ஆனால் இன்னொரு தரம் அளப்பாராம். ஆகாவிட்டால் இப்போது எழுதிய எண்தான் எண். அப்போது மணி எட்டரை.

முள்ளு என்று எங்கள் தோட்டத்தில் ஒரு ஆயுதம் உண்டு. தேயிலைக்கு நடுவே மண்ணைக் கிளறுகிற நான்கு பல் கொண்டது. அதை முதலில் எடுத்து வந்தவள் செல்வராணி. கோலத்தின் நடுவில், தாமரையின் நெஞ்சில், ஓங்கி ஒரு குத்து. முள்ளு திரும்பித் தெறித்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தோம்.

லயத்துக்குச் சேதி போனது. நேற்று அரைநாளைத் தியாகம் பண்ணிச் சாணி சுமந்த அதே பொம்பளைகள், ஞாயிற்றுக்கிழமைத் துணிச் சலவையைப் போட்டுவிட்டு முள்ளோடு இறங்கி வந்தார்கள். வரும்போதே பேச்சு வந்துவிட்டது.

"என்னா ராமையாண்ணே, நேத்து 'நல்லா மிதிங்க, நல்லா மிதிங்க'ன்னு உசுர வாங்குனீங்க?"

"அந்தா, அந்த மூலையில பளபளன்னு மெழுகினது நானு. அதை அண்ணனே கிண்டட்டும். நான் தொட மாட்டேன்."

"இப்ப 'நல்லா கிண்டாதீங்க'ன்னு சொல்லுங்கண்ணே, நல்லாக் கிண்டுறோம்!"

"வேணாம்னு சொன்னா செய்யணும், செய்யுன்னு சொன்னா வேணாம். அண்ணன் சட்டம் அதுதானே?"

நான் குனிந்த தலை நிமிராமல் குத்தினேன். பூசாரி ஒரு பக்கம் தவித்தார். கற்பூரம் காட்டிய நிலத்தைத் தோண்டலாமா என்று அவருக்குச் சந்தேகம். "அம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அம்மன் என்ன சொன்னாள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் கையில் முள்ளு இருந்தது, அது போதும். (பஸ்காரர் சொன்ன கனவு இங்கிருந்துதான் முளைத்திருக்க வேண்டும்.)

மிஸ் நடுவில் நின்று, "ஆழமா, ஆழமா! கட்டியை உடையுங்கோ! மிதியாதேங்கோ, பின்னுக்குப் போய்ப் போய்க் கிண்டுங்கோ!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு கங்காணிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது. நேற்றுக் கூட்டி அள்ளிய சருகை மறுபடி அள்ளி வந்து பரப்பினோம். விடுதிக்காரரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சாக்குச் சருகு சுமந்தார். தன்னுடைய மனு தோற்பதற்குத் தானே சருகு சுமந்த ஒரு மனுசனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு எல்லோரும் விலகி நின்றோம். மிஸ் குழாயை மண்ணில் வைத்துக் காற்று விட்டுப் பார்த்தார். இந்தத் தடவை ஆஸ்த்துமா என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை பெறுகிற வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றோம். அவர் தலையாட்டிவிட்டு விடுதிக்கு ஓடினார்.

"அண்ணை, போடுங்கோ."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். போனில் காற்று மட்டும் இரைந்தது.

"அண்ணை..."

"சொல்லுங்க மிஸ்."

"எல்லைக்கு மூண்டு கீழ! என்ர கணக்கையும் விட ஒண்டு குறைவு. நீங்கள் கிண்டின கிண்டில மண் முந்தினதையும் விடப் பஞ்சாப் போச்சு!"

அதிகாரி பழைய எண்ணை வெட்டிவிட்டுப் புது எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். (இலை போட்டிருக்க வேண்டும் என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்குத் துணிவு வரவில்லை.)

திருவிழா மூன்றாம் நாள், நான் மெசினை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். உண்மையாகவே கேட்கிறதா என்று என் காதால் கேட்க வேண்டும் போல இருந்தது. மேலே போய் நின்று பார்த்தால், என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ரோலர் தின்ற காதாயிற்றே. மனம் உடைந்து நின்றேன். அந்த நேரம் நிரை நிரையாக நின்ற பொம்பளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கை நிறுத்தித் திரும்பினார்கள். செல்வராணி கூடையோடு கோயில் பக்கம் பார்த்துக் கைகூப்பி நின்றாள். அவள் உதடு பாட்டோடு அசைந்தது. அதைப் பார்த்து நானும் கும்பிட்டேன். மெசின் வைத்து அளக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. அடுத்த வருடம் மிதிபட்டு இறுகியிருக்கும் என்று மிஸ் சொன்னதால், திருவிழாவுக்கு முன்னால் அந்த நிலத்தை மறுபடி கிண்டினோம். அதற்கடுத்த வருடமும் கிண்டினோம். நான்காம் வருடம் திருவிழா நோட்டீசில், கொடியேற்றத்துக்கு மேலேயே, "மண் கிளறும் வைபவம்" என்று அச்சாகி வந்துவிட்டது. நல்ல நேரம் பார்க்கிறார்கள். மேளம் அடிக்கிறார்கள். முதல் குத்து என் கையால்தான் குத்த வேண்டும் என்று தலைவர் மாலை போட்டுக் கூட்டிப் போகிறார். வெளித் தோட்டத்துக்காரர்கள் அந்த மண்ணை எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த டிவிசன் கோயிலில் எதற்கென்றே தெரியாமல் போன வருடம் அவர்களும் கிண்டினார்கள். அவர்களுடைய ஸ்பீக்கர் இன்னும் கோபுரத்தின் உச்சியில்தான் இருக்கிறது. மண் பாவம், அது என்ன செய்யும்?

வீட்டில் வேறு கதை. என் மகள் நித்யா கல்யாணம் கட்டி பண்டாரவளையில் இருக்கிறாள். மாப்பிள்ளை முதல் முதல் வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் வேணாம் மாமா" என்று சொன்னபோது நான் எழும்பினேன். மகள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "அப்பா! ஒக்காருங்க! சாணியை எடுத்துறாதீங்க!" மாப்பிள்ளை பயந்துவிட்டார். இப்போது அவரும் பழகிவிட்டார். நான் தேவைக்கு மேல் உபசாரம் பண்ணினால், "மாமா பத்தாவது கூடைக்கு வந்துட்டாரு" என்கிறார்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பஸ்ஸில், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், கல்யாண வீட்டில், எங்கேயாவது இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அம்மன் கனவில் வரவில்லை. கண்டுபிடித்துச் சொன்னது தர்ஷினி மிஸ். கெடுத்தது ராமையா. திருத்தியது ஞாயிற்றுக்கிழமைத் துணியைப் போட்டுவிட்டு வந்த பொம்பளைகள். சாணி பதினொரு கூடை. அதைச் சில பேர் நூறு என்கிறார்கள், நூறு இல்லை. ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், ஒரு சொல் குறைக்கவும் வேண்டாம்.

(நான் வேண்டாம் என்று சொல்வது, வேண்டாம் என்றுதான்.)